ஓட முடியாத உடல்: பாதுகாப்புப் படங்களும் வடசென்னை முதியவர்களும்

1

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில், ஓர் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கழிமுகத்தை மூடியிருந்தது. இதெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்தி. வராத செய்தி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் சித்தி வீட்டில் எங்கள் ஆயா இருக்கிறார். எண்பது தாண்டியவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து சுவரைப் பிடித்தால்தான் நடை. அன்றிரவு தெரு முழுக்க ஓடியபோது சித்தி கேட்டது ஒரே கேள்வி: “ஊரே ஓடுது, ஆயாவ இன்னா பண்றது?” சித்தியின் மகனும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் ஆயாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனார்கள். வழியில் இரண்டு தடவை நாற்காலி சாய்ந்தது. மாத்திரைப் பையோடு பின்னால் ஓடிய சித்திக்கே வயது 58, முழங்கால் தேய்மானம். “எந்தப் பக்கம் போவணும்னு யாருக்கும் தெரியல. எல்லாரும் போன பக்கம் போனோம்” என்றார் மறுநாள்.

இந்தக் கட்டுரை அந்த நாற்காலியைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு ஒரு சுற்றுவழி எடுக்க வேண்டியிருக்கிறது. ‘ஆபத்து வந்தால் என்ன செய்யவேண்டும்’ என்று மக்களுக்குச் சொல்லித்தருகிற படங்கள் என்றொரு வகை இந்த நாட்டில் எண்பது வருடங்களுக்கும் மேலாக எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அரசு எடுத்திருக்கிறது, ஆலைகள் எடுத்திருக்கின்றன, தொண்டு நிறுவனங்கள் எடுத்திருக்கின்றன. இந்தப் படங்கள் யாருடைய உடலைக் காப்பாற்ற நினைத்தன? அந்த உடல் ஓடுமா, நடக்குமா, காது கேட்குமா? நம்முடைய சினிமா விமர்சனம் கதைப்படங்களையே சுற்றிவந்ததால் இந்தப் படங்களைப் பிரதிகளாகப் பாவித்து யாரும் வாசித்ததில்லை. இண்டர்வெலுக்கு முன்னால் ஓடிய சுருள்தானே என்று விட்டுவிட்டோம். விட்டுவிட்ட இடத்தில்தான் ஆயாவின் நாற்காலி நிற்கிறது.

2

இந்த வகைப் படத்தின் பிறப்பு யுத்தத்தில். 1940இல் காலனிய அரசு பிலிம் அட்வைசரி போர்டை அமைத்தது. 1943இல் இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. அதே வருஷம் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், ஒவ்வொரு கொட்டகையும் ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த 2,000 அடிப் படத்தைக் கட்டாயம் ஓட்டவேண்டும் என்று ஆணை பிறந்தது. கிட்டத்தட்ட இருபது நிமிஷம். காசு கொடுத்து சினிமாவுக்கு வந்தவனை உட்காரவைத்துப் பாடம் நடத்துவது என்கிற ஏற்பாடு இப்படித்தான் தொடங்கியது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1942 ஏப்ரலில், சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பீதி. நகரத்தில் இருக்கவேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் கோவைக்குப் போனது. அலுவலகங்கள் ஊட்டிக்கும் மதனப்பள்ளிக்கும் போயின. மிருகக்காட்சிசாலையின் கொடிய மிருகங்கள், தப்பித்துவிடும் என்று சுட்டுக்கொல்லப்பட்டன. இந்தச் சரித்திரத்தை எழுதுகிற எல்லோரும் மிருகங்கள் சுடப்பட்டதை மறக்காமல் எழுதுகிறார்கள். நடக்கமுடியாத கிழவன் கிழவிகள் என்ன ஆனார்கள் என்ற வரி அதில் வருவதில்லை. துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்திலும் காசிமேட்டிலும் கூலிக்காரர்கள் ‘அவசியமானவர்கள்’, கப்பலில் சரக்கு ஏற்ற வேண்டும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? அவசியமானவர், அவசியமில்லாதவர் என்று ஜனத்தைப் பிரித்துப் பேசும் மொழியை அரசு கற்றுக்கொண்டது அப்போதுதான். முதியவர் இரண்டிலும் சேராதவர். வெளியேறவும் முடியாது, இருந்தும் ‘பயன்’ கிடையாது.

யுத்தம் முடிந்ததும் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் ஏற்பாடு மூடப்படவில்லை. 1948இல் சுதந்திர அரசு பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. கட்டாயத் திரையிடல் 1952இன் சினிமாட்டோகிராப் சட்டத்திலும் மாநிலங்களின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டங்களிலும் லைசென்ஸ் நிபந்தனையாக உட்கார்ந்துகொண்டது. ஓட்டுவதோடு, அந்தப் படத்துக்காக வசூலில் ஒரு சதவீதம் வரை வாடகையும் கொட்டகைக்காரர்தான் கட்டவேண்டும். இது பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று கொட்டகைக்காரர்கள் போட்ட வழக்கில், 1999இல் உச்சநீதிமன்றம் கட்டாயத் திரையிடல் செல்லும் என்றது. மக்களுக்கு அறிவு புகட்டுவது பேச்சுரிமையைக் குறைப்பதல்ல, கூட்டுவது என்பது அதன் தர்க்கம்.

தர்க்கம் சரி. யாருக்கு, எதைப் பற்றிய அறிவு? அணைக்கட்டு, உருக்காலை, சிறுசேமிப்பு, அம்மைத் தடுப்பு, சிவப்பு முக்கோணம். தண்டையார்பேட்டை அகஸ்தியாவிலும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கொட்டகைகளிலும் பீடி பிடிக்க வெளியே போகாதவர்கள் இவற்றைப் பார்த்தார்கள். குரல் தமிழில் இருக்கும், முகங்கள் வேறு ஊராக இருக்கும். ‘வளரும் தேசம்’ என்கிற பெருங்கதையாடலில் மூப்பு ஒரு விஷயமே இல்லை, ஏனென்றால் தேசம் தன்னை இளைஞனாகக் கற்பனை செய்துகொண்டிருந்தது. கிழவி திரையில் வந்தால் பெரும்பாலும் மாமியாராக வருவாள். இன்னொரு பேரன் வேண்டும் என்று அடம்பிடிப்பாள், ஊசி வேண்டாம் என்பாள், கடைசியில் திருந்துவாள். அதாவது முதியவர் பாதுகாக்கப்பட வேண்டியவர் அல்ல. பாதுகாப்புக்கு இடைஞ்சல். இந்தப் பிம்பம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு, ‘பெருசு’ என்று நாம் சொல்லும் தொனியே சாட்சி.

3

இன்னொரு கொட்டகை ஆலைக்குள் இருந்தது. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான பட்டை, சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது வருஷத்தில் மோட்டார் சைக்கிள், லாரி, டயர், உரம் என்று ஆலைகளால் நிரம்பியது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் எந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. 1966 மார்ச் 4இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் அமைக்கப்பட்டது. 1972இலிருந்து அந்த நாள் பாதுகாப்பு தினம் ஆனது, பிறகு பாதுகாப்பு வாரமும் ஆனது. உறுதிமொழி, போஸ்டர், வாசகப் போட்டி, கேன்டீன் ஹாலில் வெள்ளைத் துணி கட்டி 16 எம்.எம். படம்.

எங்கள் தாத்தா இந்தப் பட்டையில் ஒரு ஆலையின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவர். அவருக்கு ஞாபகமிருந்த படம் ஒன்று: ஒருத்தன் வாட்ச் கட்டிக்கொண்டு எந்திரத்தில் கை வைப்பான், அடுத்த காட்சியில் வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அழுவார்கள். “வெரல் போனதக் காட்ட மாட்டான், பொண்டாட்டி அழுவறதக் காட்டுவான்” என்று சிரிப்பார். இது ஒரு நுட்பமான விமர்சனம். கவனிக்க வேண்டியது, விபத்துக்குக் காரணம் அந்தப் படத்தில் எந்திரமல்ல, வாட்ச் கட்டியவனின் கவனக்குறைவு. ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் பற்றி பூக்கோ எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் பக்கம் பக்கமாகப் பேசின. கேன்டீனில் காட்டிய பதினைந்து நிமிஷப் படத்தை யாரும் பேசவில்லை. கவனமான, வலுவான, ஆணான, குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற உடல். அந்த உடலுக்கு 58 வயதானதும் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிடும். படமும் அத்தோடு முடிந்தது.

ஆனால் உடம்பு அத்தோடு முடிவதில்லையே. தாத்தா ரிட்டையர் ஆனபோது முழுச்செவிடு இல்லை, முக்கால் செவிடு. வேலைச் சத்தத்தால் காது போவது என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்ற தொழில்நோய். அவருடைய காது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பிறகு பத்து வருஷம் அவர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது கூடப் போகவேண்டும். ஹாரன் கேட்காது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது முதல் கன்டெய்னர் லாரிகள் இந்தச் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. துறைமுக கேட் திறக்கக் காத்திருக்கும் லாரி வரிசையின் நடுவே புகுந்துதான் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டியிருந்தது.

இங்கே இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் பாதுகாப்பு பற்றிய இன்றைய படங்கள் எல்லாம் ‘வயதானால் காது மந்தமாகும், கண் மங்கும், மூச்சு வாங்கும், ஆகவே கவனம்’ என்றுதான் தொடங்குகின்றன. அதில் பொய் இல்லை. ஆனால் வடசென்னையில் காதை வாங்கியது வயது மட்டுமல்ல, பிரஸ் ஷாப். மூச்சை வாங்கியது மூப்பு மட்டுமல்ல, நிலக்கரித் தூளும் சாம்பலும். முதுகை வளைத்தது காலம் மட்டுமல்ல, மூட்டை. ஆலைப் படம் 58 வயதில் கைகழுவியதை, முதியோர் படம் 60 வயதில் ‘இயற்கை’ என்று பெயர் சூட்டி எடுத்துக்கொள்கிறது. இடையில் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு வர்க்கத்தின் சரித்திரம் உயிரியலாக மாறிவிடுகிறது. சொல்லாடல் வேலை செய்கிற இடம் இதுதான்.

4

முதியவர் என்ற வகைமை அரசின் கண்ணுக்குத் தெரியவந்தது மெதுவாகத்தான். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது, மாதம் 20 ரூபாய். 1978இல் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொடங்கப்பட்டது. 1982இல் வியன்னாவில் முதுமை பற்றிய முதல் உலக மாநாடு நடந்தது. 1991 முதல் அக்டோபர் 1 உலக முதியோர் தினம் ஆனது. 1999இல் மத்திய அரசின் முதியோர் கொள்கை வந்தது. 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது.

இந்தக் கடைசிச் சட்டத்தை நம் விஷயத்துக்காகத் திறந்து பார்க்கவேண்டும். அதன் 21ஆம் பிரிவு, சட்டத்தின் விதிகளைத் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகங்கள் வழியாகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பரப்புவது மாநில அரசின் கடமை என்கிறது. படம் எடுக்கச் சட்டமே வழி சொல்லியிருக்கிறது, ரொம்ப சரி. எதைப் பற்றிய படம்? 24ஆம் பிரிவு, முதியவரைக் கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதாவது இந்தச் சட்டத்தின் நாடகத்தில் குற்றவாளி மகன், பாதிக்கப்பட்டவர் பெற்றோர், பிரச்சினை நன்றிகெட்டதனம்.

இந்த நாடகத்தைத் தமிழ் சினிமா ஏற்கெனவே நமக்கு நன்றாகப் பழக்கியிருந்தது. ‘வியட்நாம் வீடு’ (1970) முதல் ‘தவமாய் தவமிருந்து’ (2005) வரை, மூப்பின் துயரம் என்பது பிள்ளைகளின் மனசாட்சி பற்றிய கதை. அழுகை வருகிறது, நல்ல நடிப்பும் இருக்கிறது, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களில் பெரியவர் கக்கூசுக்கு எப்படிப் போகிறார் என்று ஒரு ஷாட் கிடையாது. இரவில் அவருக்கு மூத்திரச் சட்டி வைப்பது யார், யார் அதைக் கொட்டுகிறார்கள்? மகனின் பாசம் படத்தின் கரு. மருமகளின், மகளின் இடுப்புவலி படத்துக்கு வெளியே. பராமரிப்பு என்பது உழைப்பாக அல்ல, உணர்ச்சியாகவே கட்டமைக்கப்பட்டது. உணர்ச்சிக்குக் கூலி கிடையாது, லீவும் கிடையாது.

இந்த மரபில் ஒரு விரிசலாக, பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ 2020இல் திரைக்கு வந்தது. 66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வானது. தென்மாவட்டங்களின் ‘தலைக்கூத்தல்’ பற்றிய படம் என்றே அதைப் பேசினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப்பட்டது தொடக்கம். இரவுக் காவல்காரர் ஒருவர் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிறார். அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது. அங்கிருந்து கொலைக்குப் போகிற பாதை ரொம்ப நீளமில்லை. உடைந்த இடுப்புக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் நடுவில் இருப்பது கொடூரமான மனசு மட்டுமல்ல, இல்லாத காசும் இல்லாத ஆளும்தான். அது பாதுகாப்புப் படமாக எடுக்கப்பட்டதல்ல. ஆனால் ‘ஒரு விழுதலைத் தடுப்பது ஏன் முக்கியம்’ என்பதை எந்த அறிவுரைப் படமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

5

வெளியே என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். பிரிட்டனில் 1946 முதல் 2012 வரை இருந்த மத்திய தகவல் அலுவலகம், தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓடுவதற்காக அரைநிமிஷ, ஒருநிமிஷப் படங்களைத் தொடர்ந்து எடுத்துத் தள்ளியது. அதில் 1974இல் வந்த ஒன்று வெறும் தரையைப் பற்றியது. பளபளவென்று மெழுகிய தரை, அதன்மேல் ஒரு விரிப்பு, வழுக்கி விழும் மனிதன். தரையை மெழுகி விரிப்பைப் போடுவது மனுஷனுக்குப் பொறி வைப்பது மாதிரி என்பதுதான் செய்தி. இந்தப் படங்களின் பலம் இதுதான்: ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு செயல். மனசாட்சியைக் கூப்பிடாமல் தரையைக் காட்டியது.

ஜப்பானில் ஹனேதா சுமிகோ என்ற பெண் இயக்குநர் 1986இல் மறதிநோய் கண்ட முதியவர்களின் உலகம் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தார். ஒரு மருத்துவமனையில் முதியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் பழகுவதை அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறதிக்காரர்களுக்கும் மானம், கோபம், சிநேகம் எல்லாம் மிச்சமிருக்கிறது என்பது அதில் தெரியவருகிறது. பராமரிக்கிறவரின் கை, குரல், சலிப்பு, சிரிப்பு திரைக்குள்ளே வந்தது.

நம்மிடமும் இப்போது படங்களுக்குக் குறைச்சலில்லை. செல்போன் வந்த பிறகு ஆஸ்பத்திரிகளும் அமைப்புகளும் நூற்றுக்கணக்கில் போடுகின்றன. குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத டைல்ஸ், கட்டிலுக்கு அருகே விளக்கு, படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது. இவற்றைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, அதில் அதிகம் பேர் அறுபது தாண்டியவர்கள். இரத்த அழுத்த மாத்திரை போட்டவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றி விழும் ஆபத்து குறையும் என்பது உயிரைக் காப்பாற்றும் தகவல். எங்கள் ஆயாவுக்கு அது தெரியாமல்தான் விழுந்தார்.

பிரச்சினை வேறு. இந்தப் படங்களில் வரும் வீடு யாருடையது? அதில் குளியலறை வீட்டுக்குள்ளே, கட்டிலோடு ஒட்டி இருக்கிறது. குப்பத்தில் கக்கூஸ் தெருமுனையில். லாரித் தண்ணீரைப் பிடித்துவைத்த குடங்களும் டிரம்மும் நடைவழியை அடைத்திருக்கும், அந்த இடத்தில் எப்போதும் ஈரம். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு. ஒவ்வொரு மழைக்கும் அது நம்மைக் காப்பாற்றுகிறது, ஒவ்வொரு நாளும் அது கிழவியைத் தடுக்குகிறது. இந்தத் தடுப்பைப் பற்றி எந்தப் படம் பேசும்? பேசினால் மாநகராட்சியைப் பற்றிப் பேசவேண்டிவரும். கம்பி பொருத்துவதற்கும் வாடகை வீட்டில் சுவர் சொந்தமில்லை. 2023இல் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது, அது மாத்திரைக்கே போதவில்லை.

2020இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. முதியவர்களைத் தனி அறையில் வையுங்கள், அருகே போகாதீர்கள் என்று திரைகள் எல்லாம் சொன்னன. அந்த மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களிலேயே தொற்று அதிகமாக இருந்தது இராயபுரத்தில். ஆறு பேர் படுக்கிற ஒற்றை அறையில் எது தனி அறை? படம் தவறான தகவல் சொல்லவில்லை. தவறான வீட்டுக்குச் சொன்னது. வீட்டுக்குள்ளேதான் ஆபத்து, வீட்டுக்காரர் கவனமாக இருந்தால் போதும் என்று நம்புகிற இந்தக் கண்ணோட்டம், ஆலைப் படத்தில் வாட்ச் கட்டியவனைக் குற்றவாளியாக்கியதே, அதன் வாரிசுதான். அப்போது தொழிலாளியின் கவனக்குறைவு, இப்போது மருமகளின் கவனக்குறைவு.

6

சரி, என்ன செய்யலாம் என்று தோழர்கள் கேட்பீர்கள். விமர்சனம் எழுதி முடித்துவிட்டுக் கையைக் கழுவ எனக்கும் விருப்பமில்லை.

1984 டிசம்பர் 2, 3 இரவில் போபாலில் ஓடியவர்கள் வாயுவின் போக்கிலேயே ஓடினார்கள், வேகமாக ஓடி அதிகமாக மூச்சிழுத்துச் செத்தார்கள். முகத்தில் ஈரத்துணியை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதை அந்த நாட்களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். அந்தச் சாவுகளின் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 41பி பிரிவின்படி, அபாயகரமான ஆலையை நடத்துகிறவர், அதன் ஆபத்துகளையும் தற்காப்பு வழிகளையும் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றுப்புறத்துப் பொதுமக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று ஆனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில்பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கடமையை வைத்திருக்கிறது. 1989இன் அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகள், விபத்து நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தெரிவிப்பதையும், ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தையும், அதற்கான ஒத்திகையையும் கோருகின்றன.

அதாவது, எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு பாதுகாப்புப் படம் கடனாக நிற்கிறது. இது தானமில்லை, சட்டப்படியான பாக்கி. அந்தப் படத்தின் கதாநாயகன் ஹெல்மெட் போட்ட வாலிபனாக இருக்க முடியாது. படுத்திருப்பவரிலிருந்து அந்தப் படம் தொடங்கவேண்டும், ஏனென்றால் படுத்திருப்பவரைக் காப்பாற்றும் திட்டம் ஓடுபவரையும் காப்பாற்றும். ஓடுபவருக்கான திட்டம் படுத்திருப்பவரைக் கைவிட்டுவிடும்.

அதில் என்ன இருக்கவேண்டும்? அம்மோனியா தண்ணீரில் கரையும், ஆகவே ஈரத்துணி உதவும். ஆனால் அது தப்பிக்கும் சில நிமிஷங்களுக்குத்தான், அங்கேயே தங்கியிருக்க அல்ல. குளிரவைத்த அம்மோனியா கசிந்தால் முதலில் தரையோடு ஒட்டிப் பரவக்கூடும். பாயில் படுத்திருப்பவருக்குத்தான் அது முதலில் போய்ச்சேரும். காற்றோடு ஓடக்கூடாது, காற்றுக்குக் குறுக்காக நகரவேண்டும். நடக்கமுடியாத ஒருவரை இரண்டு பேர் எப்படித் தூக்குவது, கைப்பிடியுள்ள நாற்காலியில் துணியால் எப்படிக் கட்டுவது, தூக்குகிறவரின் முதுகு போகாமல் எப்படிக் குனிவது. தெருவில் எந்தெந்த வீட்டில் தானாக எழமுடியாதவர்கள் இருக்கிறார்கள், யார் எந்தக் கதவைத் தட்டவேண்டும். காது கேட்காதவருக்கு சைரன் எதற்கு? அவரைத் தொட்டு எழுப்ப ஒரு ஆள் வேண்டும். மாத்திரைப் பையும் மருத்துவச் சீட்டும் எந்த ஆணியில் தொங்கவேண்டும். ஆளை மூச்சுவாங்கவைக்க எங்கே கொண்டுபோவது, அங்கே கக்கூஸ் இருக்கிறதா.

இந்த விவரங்கள் எந்த நிபுணர் அறையிலும் கிடையாது. சித்தி மாதிரியான பெண்களிடம் இருக்கிறது. தினமும் ஒரு உடலைத் தூக்கி, திருப்பி, துடைத்து, அதன் எடையும் வலியும் எங்கே என்று அவர்களுக்குக் கையிலேயே தெரியும். அந்த அறிவைப் படம் அறிவாக ஏற்கவேண்டும். ‘பாசம்’ என்று தள்ளிவிடக்கூடாது. பராமரிக்கிறவரே அறுபதைத் தொடுகிற வயதில் இருக்கிறார் என்பதையும் ஒளிக்கக்கூடாது. இருபது நிமிஷக் கட்டாயப் படம் ஓட்டிய கொட்டகைகள் இன்றைக்கு இல்லை. அகஸ்தியா 2020இல் மூடப்பட்டுவிட்டது, பிலிம்ஸ் டிவிஷனே 2022இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதனாலென்ன? குப்பத்துப் பையன்கள் கையில் எல்லாம் காமிரா இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில், கோயில் திருவிழாவில், மாதா கோயில் வாசலில் காட்டலாம். ஆலையின் பெயரும் கிடங்கின் அளவும் குழாயின் பாதையும் அதில் வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும். அவற்றைச் சொல்லாமல் ‘ஈரத்துணி’ மட்டும் சொன்னால், அது மறுபடியும் வாட்ச் கட்டியவனின் கதைதான்.

கடைசியாக ஒன்று. கசிவுக்கு அடுத்த வாரம் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தேன். நாற்காலி சாய்ந்ததையும் யாரோ செருப்பு பறந்ததையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. அவருடைய அப்பா கட்டுமரம் ஏறியவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை முகத்தில் வைத்தே பிரித்துச் சொல்லுவார் ஆயா, இன்றைக்கும். “எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம சுத்தனீங்களே, காத்து எங்கேர்ந்து வருதுன்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாடா?” என்றார்.

யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம்.